எதிர் வீட்டுக்குக் கேட்கும்படி

பாஸ்கு என்கிற ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பான தபசு காலம் வந்தால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் நான் பூசைப் புத்தகத்தைத் திறந்து அன்றைய சுவிசேஷத்தைத் தமிழில் உரக்க வாசிப்பேன். மற்ற மாதங்களில் அநேகமாக ஞாயிற்றுக்கிழமை வாசகமே வாரம் முழுவதும் திரும்ப வரும். தபசு காலத்தில் மட்டும் ஒவ்வொரு நாளுக்கும் தனி வாசகம். முடித்ததும், இன்றைக்கு இதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று வீட்டில் எல்லோரையும் கேட்பேன். நான் துறைமுகத்தில் குமாஸ்தா. எதையும் நடவடிக்கை எடுத்து முடித்தால்தான் எனக்கு நிம்மதி. தேவ வார்த்தையையும் அப்படித்தான் நடத்தினேன்.

பதில்கள் சின்னவையாக இருக்கும். மகள் சர்க்கரை இல்லாமல் காப்பி குடிப்பாள். மனைவி, "உங்கள வச்சிகினு குடும்பம் பண்றனே, அது பத்தாதா?" என்பாள். சிரித்துவிட்டுக் கிளம்புவோம்.

போன வருஷம் முதல் வாரத்துத் திங்கட்கிழமை. அன்றைய வாசகம் உலக முடிவில் வரும் கடைசித் தீர்ப்பைப் பற்றியது. பசித்தவனுக்குச் சோறு போட்டவனும், நோயில் கிடந்தவனைப் பார்க்கப் போனவனும் அதை எனக்கே செய்தான் என்று ஆண்டவர் சொல்லும் இடம். வாசித்துவிட்டு மகளைக் கேட்டேன். அவளுக்குப் பதினேழு வயது.

"எதிர் வூட்டு அக்காவ பாக்கப் போறேன், நைனா."

எதிர் வீட்டுப் பெண்ணின் புருஷன் கப்பலில் கலாசி. அவன் போய் மாதக்கணக்காகிவிட்டது. தனியாக இருந்தவளுக்குப் பெரியம்மை கண்டிருந்தது. வாசலில் செருகியிருந்த வேப்பிலையைச் சந்து முழுவதும் பார்த்தது, ஒருவரும் படியேறவில்லை. கார்ப்பரேஷன்காரர்களுக்குச் சொன்னால் வண்டியில் ஏற்றிப் போய்விடுவார்கள் என்று யாரும் வாயும் திறக்கவில்லை. நானும் அந்தப் பக்கம் பார்க்காமல்தான் ஆபீசுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன்.

"வேறு ஏதாவது சொல்லம்மா."

"வேற இன்னா சொல்றது? பாக்கப் போனான்னு நீதான படிச்சே?"

நான் புத்தகத்தை மூடுவதற்குள் அவள் கஞ்சிச் சட்டியோடு படியிறங்கிவிட்டாள்.

எங்கள் சின்னவன் அப்போதுதான் மார்ச்சளியில் படுத்து எழுந்திருந்தான். அதனால் அவனுக்கு அம்மை குத்துவதைத் தள்ளிப்போட்டிருந்தோம். மகள் திரும்பி வந்தபோது என் மனைவி கதவைத் தாழிட்டிருந்தாள். கதவின் இந்தப் பக்கம் நின்று அழுதுகொண்டே சொன்னாள்: "அங்கியே இரும்மா. உள்ள தம்பி கீறான். உங்க நைனாதான அனுப்ச்சாரு, அவரயே கேளு."

"அழுவாதம்மா. நான் அங்கியே இருந்துக்கறேன். ஒரு பாய மட்டும் தூக்கிப் போடு."

போகாதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லாமல் போயிற்று. இப்போது வா என்று சொல்லவும் வழி இல்லை. ஒரு பிள்ளை தாழ்ப்பாளுக்கு உள்ளே, ஒரு பிள்ளை வெளியே. நடுவில் நான், பாயைச் சுருட்டிக்கொண்டு.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி போகும் அகலம்தான். மறுநாளிலிருந்து எங்கள் வாசற்படியில் நின்று, எதிர் வீட்டுக்குக் கேட்கும்படி வாசித்தேன். மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். முடிந்ததும், "அக்கா இன்னிக்கி ரெண்டு வாய் கஞ்சி குடிச்சிது" என்பாள். அவளை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்பதை நான் நிறுத்திவிட்டேன்.

அந்த நாட்களில்தான் புத்தகத்தை முன்னால் புரட்டிப் பார்க்கும் பழக்கம் வந்தது. ராகுகாலம் பார்த்துப் படகு இறக்குகிறவர்களைக் கேலி செய்தவன் நான். இப்போது நாளைக்கு என்ன வாசகம், அதில் குணமாகிறவர்கள் உண்டா, சாகிறவர்கள் உண்டா என்று பூசைப் புத்தகத்தையே பஞ்சாங்கமாக்கிவிட்டேன். நான்காம் வாரத்து வியாழக்கிழமைக்கு வந்தபோது விரல் நின்றுவிட்டது. ஒரே மகனைப் பறிகொடுத்த விதவை. ஊர் வாசலில் பாடை.

அதற்குள் எதிர் வீட்டுப் பெண்ணுக்குத் தண்ணீர் வார்த்தாகிவிட்டது. ஆனால் அந்த நான்காம் வாரத்துச் செவ்வாய்க்கிழமை ஜன்னலில் மகள் இல்லை. அந்தப் பெண்தான் வந்து நின்றாள், முகமெல்லாம் பொருக்கோடு. "பாப்பாவுக்குக் காய்ச்ச அனலா கொதிக்குது, அண்ணே. நான் பாத்துக்கறேன். நீங்க படிங்க, அது கேட்டுகினுதான் கீது."

அந்த வியாழக்கிழமையும் வந்தது. வாசற்படியில் நின்று பக்கத்தை மாற்றினேன். நூறு வீரர்களுக்குத் தலைவனான ஒருவன், நீர் என் வீட்டுக்கு வரவேண்டாம், ஒரு வார்த்தை சொன்னால் என் ஊழியன் பிழைப்பான் என்று கேட்கும் வாசகத்தை எடுத்து வாசித்தேன். அவன் கேட்டபடியே ஊழியன் பிழைத்த இடம் வரும்போது என் குரல் நன்றாகவே இருந்தது.

உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது. "நைனா, அத மொத வாரத்துக்கு முன்னியே படிச்சாச்சே."

விரலை அந்தப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன்.

"அது வூட்டுக்குள்ள வராம சொகமாக்கனது. இன்னிக்கிது வேற. கிட்ட வந்து பாடையத் தொட்டாரே, அது."

வருஷா வருஷம் நான் வாசித்து அவள் கேட்டது. எனக்குச் சாவு மட்டும் கண்ணில் பட்டிருந்தது. அவளோ பாடையைத் தொட்டு அந்த மகனை எழுப்பிய ஆண்டவரின் கையை நினைவில் வைத்திருந்தாள்.

புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே படியிறங்கினேன். பின்னாலிருந்து மனைவி, "போனா இப்ப திரும்பி வர முடியாது, தெரியுமில்ல?" என்றாள். தெரியும் என்றேன். அவள் உள்ளே போனாள். பிறகு, "அவ தலையாணி இந்தா" என்று நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். எனக்குப் பின்னால் தாழ் விழும் சத்தம் கேட்டது.

மகளின் நெற்றியில் கை வைத்தேன். முத்துக்கள் அரும்பத் தொடங்கியிருந்தன. விதவையின் மகனைப் பற்றிய வாசகத்தை அங்கே உட்கார்ந்து, மெதுவாக, முழுவதும் வாசித்தேன்.

பிழைத்தாள். சிறு வயதில் குத்திய அம்மைப்பால் காப்பாற்றியது என்றார் டாக்டர். நெற்றியிலும் கன்னத்திலும் தழும்புகள் நின்றுவிட்டன. பொருக்கு உதிர்ந்து நாங்கள் வீடு திரும்பியபோது பாஸ்கு திருநாள் கழிந்திருந்தது. சின்னவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் என் கலக்கம் தீரவில்லை. ஒருமுறை அம்மை வார்த்தவளை அது மறுபடி அண்டாது என்று ஊருக்கே தெரியும். காசிமேட்டிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் ஆள் வந்து அவளைக் கூப்பிடுகிறார்கள். "எனக்கு இனிமே இன்னா பயம் நைனா, எந்த வூட்டுக்குன்னாலும் போலாம்" என்று அவள் சிரிக்கிறாள். அம்மை அண்டாது, காலரா அண்டாதா, காமாலை அண்டாதா என்று நான் கேட்டால், "அத நீ படிக்கலியே" என்கிறாள்.

நாளைக்கு மறுபடி அந்தத் திங்கட்கிழமை. அவள் இப்போதே கஞ்சிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். காலையில் நான் வாசிப்பேன். வாசிக்காமல் விட்டாலும் அவளுக்கு அது மனப்பாடம்.