ஒருத்திக்கு மட்டும் வேலை

போன வாரம் பல்லடத்திலிருந்து ஒரு வாசகி போன் செய்தார். இந்தப் பத்தியை ஆரம்பத்திலிருந்தே படிக்கிறவராம்.

“ஏனுங்க, உங்க ரெட்டைப் புள்ளைங்க நல்லா இருக்காங்களா? பள்ளிக்கூடம் போறப்பவெல்லாம் அவங்களப் பத்தி எழுதுவீங்க. இப்ப ஒரு வருசமா ஒரு வரி கூடக் காணமுங்களே?”

கவனித்திருக்கிறார். எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. எழுதினால் இரண்டு பேரும் படிப்பார்களே... இப்போது இருவரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பவித்ரா சில நிமிடங்கள் மூத்தவள். நந்தினி இளையவள். அச்சு அசல் ஒரே முகம். ஒரே காலேஜ், ஒரே பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். மார்க் மட்டும் நந்தினிக்குக் கொஞ்சம் அதிகம். பரீட்சைக்கு முன்னால் பவிக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவளும் அவள்தான்.

கேம்பஸ் இன்டர்வியூவில் பவி தேர்வானாள். நந்தினி ஆகவில்லை.

ஏன்? யாருக்குத் தெரியும். காரணம் சொல்லும் வழக்கம் எந்தக் கம்பெனிக்கும் கிடையாது.

அன்று சாயங்காலம் ஒருத்தி ஸ்வீட் பாக்கெட்டோடு வந்தாள். இன்னொருத்தி நேராகப் போய்ப் படுத்துக்கொண்டாள். பெற்றவள் முகத்தை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது — சொல்லுங்கள்.

பவி சரவணம்பட்டி ஆபீசுக்குப் போக ஆரம்பித்தாள். காலையில் தெருமுக்குக்குக் கம்பெனி கார் வரும். கார் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நேரம் பார்த்து நந்தினி பாத்ரூமுக்குள் போய்விடுவாள். தட்டினாலும் திறக்கமாட்டாள். பவி கீழ் போர்ஷனில் போய்க் குளித்துவிட்டு ஓடுவாள்.

முதல் சம்பளத்தில் பவி இரண்டு குர்தி வாங்கி வந்தாள், ஒரே டிசைனில். நந்தினியுடையது விலைச்சீட்டு கூடப் பிரிக்காமல் பீரோவில் கிடந்தது.

அவளும் சும்மா இருந்துவிடவில்லை. நாள் முழுக்க அப்ளை செய்தாள். பாதிப் பேர் பதிலே போடவில்லை. ஒரு மில் ஆபீசில் மட்டும் கூப்பிட்டார்கள். அவளிடம் கேட்ட ஒரே கேள்வி, “கல்யாணம் எப்பங்க பண்ணப் போறீங்க?”

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பவி தூங்கிக்கொண்டிருந்தாள். துணி மடித்து வைக்க அறைக்குள் போனேன். நந்தினி கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். கழுத்தில் பவியின் ஐ.டி. கார்டு. அட்டையில் இருந்த முகமும் கண்ணாடியில் இருந்த முகமும் ஒன்றேதான். பேரை மட்டும் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்திருந்தாள்.

சத்தம் போடாமல் திரும்பிவிட்டேன். வேறென்ன செய்ய?

அதற்கப்புறம்தான் சோமனூர் கல்யாணம் வந்தது. என் கணவரின் பெரியம்மா பேரனுக்கு. இரண்டு பேரும் ஒரே மாதிரி சேலை கட்டுங்கள் என்று பிடிவாதம் பிடித்தது நான். பழையபடி ஒன்றாக நிற்கட்டுமே என்ற ஆசை. நந்தினி முனகிக்கொண்டே கட்டினாள்.

சாப்பிட்டு முடித்து மண்டபத்தில் உட்கார்ந்திருந்தோம். பவி ஐஸ்கிரீம் வாங்கப் போயிருந்தாள். மாப்பிள்ளைக்கு அத்தை முறையான சரசக்கா வந்து நந்தினியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஏங்கண்ணு, நீதான கம்பெனில சேந்தவ? வேலையெல்லாம் எப்படிப் போவுது?”

நான் வாயைத் திறப்பதற்குள் நந்தினி சொல்லிவிட்டாள்.

“நல்லாப் போவுதுங்கத்தை.”

“என்ன வேலைங்கண்ணு அது?”

“டெஸ்டிங்குங்க. சாப்ட்வேரு வெளிய போறதுக்கு முன்னாடி, தப்புக் கிப்பு இருக்குதான்னு பாக்கோணும்.”

“ஊட்டுக்கே காரு வருதாமா?”

“முக்கு வரைக்கும் வருதுங்க.”

கேன்டீன் எப்படி, மேனேஜர் எப்படி, எல்லாம் சொன்னாள். அவ்வளவும் பவி ராத்திரி சாப்பிடும்போது என்னிடம் சொன்னவை. காதில் விழாத மாதிரி செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறாள்.

பின்னால் பவி நின்றிருந்தாள். கையில் இரண்டு ஐஸ்கிரீம் கப். எப்போது வந்தாளோ தெரியவில்லை.

சரசக்கா நிமிர்ந்து பார்த்தார். “அப்ப ஊட்டுல சும்மா இருக்கறவ நீயா கண்ணு?”

நந்தினியின் முகம் வெளிறிவிட்டது. பவி அவளை ஒரு தடவை பார்த்தாள்.

“ஆமாங்கத்தை. இன்னும் ஒண்ணும் அமையலீங்க.”

“ஒரே படிப்புத்தான? அவளுக்குக் கெடச்சுதே, உனக்கென்ன கேடு? இந்தக் காலத்துல சாமர்த்தியம் வேணும் அம்மணி. சோறாக்கியாச்சும் போடறியா அம்மாளுக்கு?”

“செய்யறனுங்க,” என்றாள் பவி.

இன்னும் என்னென்னவோ சொன்னார் சரசக்கா. கெட்டவர் இல்லை. நல்லது சொல்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னார். பவி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நந்தினி குனிந்த தலை நிமிரவில்லை. ஐஸ்கிரீம் இரண்டு கப்பிலும் உருகிப் போனது.

திரும்பி வரும்போது கணவர் கார் ஓட்டினார். பெண்கள் பின்சீட்டில். கருமத்தம்பட்டி தாண்டினோம்.

“எதுக்குடி அப்படிச் சொன்ன?” — நந்தினிதான் ஆரம்பித்தாள்.

“நீ சொல்லிட்டிருந்த. நடுவால வந்து, அவ இல்லீங்க நான்தான்னு சொல்லச் சொல்றியா?”

பிறகு பவியே கேட்டாள். “எல்லாரும் உன்கிட்ட இப்படித்தான் பேசறாங்களா?”

“போற எடமெல்லாம்.”

“செத்த நேரம் எனக்கே தாங்கலடி.”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் பேச்சு நின்றுவிடும் என்று தெரியும்.

“ஒண்ணு சொல்லட்டா?” என்றாள் பவி. “எனக்குக் கையில புராஜெக்டே இல்ல. டெஸ்டிங்கெல்லாம் மொதல்ல கொஞ்ச நாளுதான். இப்ப சும்மாத்தான் போய் உக்காந்துட்டு வாரேன். எப்ப எந்திரிச்சுப் போன்னு சொல்லுவாங்களோன்னு பயமாக் கெடக்குது. காலைல நான் அலாரம் வெச்சு முழிக்கறப்ப நீ போத்திட்டுப் படுத்திருப்ப பாரு... அதப் பாத்தா எனக்கு அப்படியே வயிறெரியும்.”

“நல்லா எரியட்டும்,” என்றாள் நந்தினி.

இரண்டு பேரும் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம் ஆகியிருந்தது!

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். மறுநாள் காலையும் பாத்ரூம் கதவு சாத்தித்தான் இருந்தது. ஆனால் தட்டியதும் திறந்தது.

சில வாரம் கழித்து நந்தினிக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் கூப்பிட்டார்கள். பம்ப் பாகங்கள் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள். “ஒரு வருசமா என்னங்க பண்ணீங்க?” என்று முதலாளி கேட்டிருக்கிறார். “வேலை தேடுனனுங்க. கெடைக்கலீங்க” என்றிருக்கிறாள். ஜோடனை இல்லாத அந்தப் பதில் அவருக்குப் பிடித்துவிட்டது போலிருக்கிறது. வெளிநாட்டு வியாபாரிகளுக்கு மெயில் போடுவது, போனில் பேசுவது, சரக்கு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று பார்ப்பது... இதுதான் வேலை. அவள் படித்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கார் கிடையாது, டவுன் பஸ்தான். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது பவியின் கார் கடந்து போனால் இன்னும் முகம் சுருங்குகிறதாம். அவளே சொன்னாள்.

பவிக்குப் புராஜெக்ட் கிடைத்துவிட்டது, இப்போதைக்கு. அதற்குப் பிறகு? அதை யாரும் சொல்வதில்லை. டிகிரிதான் வேலைக்கு உத்தரவாதம் இல்லை என்று நினைத்தேன். வேலைக்கே உத்தரவாதம் இல்லை என்கிறாள் இவள்.

போன வாரம் நந்தினியை முதலாளியும் அவர் மனைவியும் சென்னைப் பொருட்காட்சிக்குக் கூட்டிப் போனார்கள். கம்பெனி ஸ்டாலில் நின்று வெளிநாட்டுக்காரர்களிடம் பேசுகிற போட்டோவை வீட்டு வாட்ஸ்அப்பில் போட்டாள். பவி அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். “இவளுக்கு வந்த வாழ்வப் பாரும்மா” என்றாள். அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

நான் நடுவில் போகவில்லை. பிறப்பதற்கு முன்பே ஒரே வயிற்றுக்குள் இடத்துக்கு முட்டிக்கொண்டவர்கள் — பார்த்துக்கொள்வார்கள்.