நடுவில் பதினாறு பக்கம்

கல்முனையில் என் நாவல் வெளியீட்டுக்கு வீடு வீடாகப் போய் அழைத்தேன். மண்டபம் நிறைந்தது. வந்தவர்கள் பணம் வைத்த என்வலப்பைத் தந்து புத்தகத்தை வாங்கினார்கள். விமர்சன உரை நிகழ்த்தியவர் ஒரே இருப்பில் வாசித்து முடித்ததாகச் சொன்னார்.

ஆறு மாதம் கழித்து, மருதமுனையில் நெசவு செய்யும், அக்கா வயதுடைய ராத்தா ஒருவர் என்னைத் தெருவில் மறித்தார்.

"தம்பி, உங்கட கதைக்கு நடுவில பதினாறு பக்கம் வெறும் தாளா இரிக்கி. ஒருத்தரும் சொல்லல்லியா?"

"உங்கட புத்தகத்தில மட்டும்தான் ராத்தா" என்று சமாளித்தேன்.

"அப்ப நல்லதொண்டு தாங்க. கதையில வார அந்தப் புள்ளைக்கு என்ன நடந்த எண்டு தெரியணும்."

வீட்டில் மிச்சப் புத்தகக் கட்டுகளைப் பிரித்தேன். எல்லாவற்றிலும் அதே வெறுந்தாள். அட்டையை முகநூலில் போட்டுத் திரிந்த நானும் உள்ளே புரட்டியதில்லை.

கிடைத்த ஒரே வாசகிக்குக் கொடுக்க என்னிடம் முழுப் புத்தகம் ஒன்றுகூட இல்லை.