அந்தரத்தில் நின்ற விமானம்

பகலில் இலோயிலோ ஊராரின் பல்லைப் பிடுங்கும் டாக்டர் மெர்லிட்டா, மாலையானால் கணினி முன் ஹெட்போனோடு உட்கார்ந்துவிடுவார். அவரவர் வீட்டிலிருந்தே கணினியில் விமானம் ஓட்டி விளையாடுபவர்களுக்கு அவர்தான் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரி.

அன்று இந்த விளையாட்டுக்காரர்களின் சங்கத் தலைவர் டானிலோ, தரையிறங்கும் நேரத்தில் விமானத்தை அப்படியே நிறுத்திவிட்டு பாட்சோய் நூடுல்ஸ் சாப்பிடப் போய்விட்டார். ஓடுபாதைக்கு முன்னால் அது அந்தரத்தில் தொங்கியது. பின்னால் நாலு பேர் வட்டமடித்தார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்ட மெர்லிட்டா, ஒரே சொடுக்கில் தலைவரை ஆட்டத்தைவிட்டே வெளியேற்றினார்.

திரும்பி வந்த டானிலோ தாம்தூம் என்று குதித்தார். "வெறும் விளையாட்டுக்கு இவ்வளவு பந்தாவா, டாக்டரம்மா? நாளைக்கு அந்த நாற்காலியில நீங்க இருக்க மாட்டீங்க!"

"நாளைக்கு யாரை வேணும்னாலும் உக்கார வைங்க, தலைவரே. இன்னைக்கு நான்தான் இருக்கேன். வாயைத் துடைச்சுக்கிட்டு வரிசையில கடைசியா வாங்க."