பஞ்சவர்ணத்தின் பயேல்

பத்தாம் வகுப்பை மூன்றாம் தடவை எழுதித் தேறினாள். திருமழிசைப் பட்டறையில் பிரஸ் மெஷின் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்ட பிறகு, மிச்ச விரல்களால் தட்டச்சில் ஹையர் முதல் வகுப்பு வாங்கினாள். நாற்பத்தொரு வயதில், பட்டதாரிகளோடு வரிசையில் நின்று மண்ணூர்பேட்டைக் கம்பெனியில் வேலை பிடித்தாள். என் தங்கை பஞ்சவர்ணம்.

வடக்குப் பிரான்சில் பயேல் என்ற ஊரின் பழைய பிறப்பு, கல்யாண, இறப்புப் பதிவேடுகளின் படங்களைப் பார்த்துக் கணினியில் ஏற்றும் வேலை. பிரெஞ்சு தெரியாது, ஆங்கில எழுத்து தெரிந்தால் போதும். ஆனால் லேஸ் பின்னுகிற பெண்கள் எந்தத் தெருவில் அதிகம் என்பதுவரை அவளுக்கு அத்துப்படி. பூந்தமல்லியில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிடுவாள். சோறு போடும்போது என் மனைவி சுலோசனா, அந்த லேஸ்காரி மகளுக்கு வரன் அமைந்ததா என்று விசாரிப்பாள்.

1918 போரில் ஊரே தரைமட்டமானது என்று தெரிந்த அன்று பஞ்சவர்ணம் சாப்பிடவில்லை. "இத்தினி பேரு கட்ன ஊடுண்ணா," என்றாள்.

அந்த வேலை முடிந்துவிட்டது. இப்போது இன்ஷூரன்ஸ் தாள்கள். அவற்றைப் பற்றி வீட்டில் பேசுவதே இல்லை.

பயேல் வேலையில் ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியே அடிப்பார்கள்; இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஒருவர் பெயரில் தப்பு விழும். மாதத்தில் மூன்று தப்பு வந்தால் வேலை போய்விடும். 2022 பிப்ரவரியில் அவளுக்கு இரண்டு ஆகியிருந்தது. அப்போது ஒரு கல்யாணப் பதிவில் பெண்ணின் பிறந்த வருஷத்தின்மேல் மை பரவியிருந்தது. பிறப்பேட்டில் பெயரைத் தேடி நிரப்புவது முறை. எம்.சி.ஏ. படித்த நிர்மல் 1849 என்று போட்டான். இவள் 1852. மேற்பார்வையாளர் ஏகாம்பரம் இவள் பெயரில் மூன்றாவது தப்பை எழுதப் போனார்.

"நாப்பத்தொம்பதுல பொறந்த புள்ள ரெண்டு வயசுல செத்துப்பூட்ச்சி சார். பின்னாடி பொறந்ததுக்கும் அதே பேர வெச்சாங்க. அந்த ஊர்ல அப்டி வெப்பாங்க. செத்த புள்ளைக்கா கண்ணாலம் பண்ணுவாங்க?"

"இன்னாக்கா, உன் சொந்தக்காரங்களா?" என்று நிர்மல் சிரித்தான்.

"ஆமாண்டா. மூணு வருசமா தெனம் பாத்துகினு கீறேன்."

இறப்பேட்டில் 1851ஆம் வருஷத்துப் பக்கத்தைத் திரையில் எடுத்துக் காட்டினாள். அதே பெயர், அதே தாய், அதே தகப்பன். ஏகாம்பரம் இரண்டு முறை படித்துவிட்டு, தப்பை நிர்மல் கணக்கில் எழுதினார்.

அடிப்பவர்களுக்கு அங்கே எண் மட்டும்தான், இவள் இருபத்தேழு. சரிபார்ப்பவர் மட்டுமே, அடித்து அச்செடுத்த ஏட்டின் கடைசித் தாளில் கையெழுத்துப் போடலாம். மறு மாதம் இவளைச் சரிபார்க்க உட்கார வைத்தார்கள். முதல் ஏடு முடிந்ததும் தமிழில், நிதானமாக, முழுப் பெயரையும் எழுதினாள்: வே. பஞ்சவர்ணம். கீழே தேதி: 14.3.2022.