வீயன்னா

போன செவ்வாய்க்கிழமை காலையில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எடுத்தால் ஒரு பெயின்டர். நான் கால் நூற்றாண்டுக்கு மேல் பாடம் நடத்திய கல்லூரியில், ஓய்வுபெற்ற பேராசிரியர்களின் பெயர்களைப் பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறாராம்.

"அம்மா, உங்க பேருக்கு முன்னாடி இருக்கறது நோனாவா, நோவன்னாவா? லிஸ்ட்ல நொ. மல்லிகான்னு இருக்கு. டைப்பிங் மிஸ்டேக்கோன்னு கேட்டேன்."

மிஸ்டேக்தான். ஆனால் டைப் அடித்தவர் செய்ததல்ல. யோசித்துச் சொல்கிறேன் தம்பி என்று வைத்துவிட்டேன். தேங்காய் பாதி அரைபட்டபடி மிக்ஸியில் கிடந்தது. எனக்குக் கோபம் வந்தால் முதலில் பசி போய்விடும். அன்றைக்கும் போய்விட்டது.

நோனாவில், அதாவது நொவில், தொடங்கும் அப்பா பெயர் ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம். எனக்குத் தெரிந்து கிடையாது. என் அப்பா பெயர் வீரையன். மிராசுதார் பண்ணையில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர். இளம்பிள்ளைவாதத்தில் எனக்கு வலது கால் சூம்பியதால், வாய்க்காலைத் தாண்டி என்னைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத்தான் வயலுக்குப் போவார்.

ஒன்றாம் வகுப்பு வருகைப்பதிவேட்டின் மேலட்டையில் புளியங்கொட்டைப் பசை வாசம் அடிக்கும். வாத்தியார் அதைத் திறந்தாலே எனக்குப் பசிக்கும். அந்த வகுப்பில் மல்லிகாக்கள் இரண்டு பேர். மிராசுதார் வீராசாமியின் மகளும் வீ. மல்லிகா, நானும் வீ. மல்லிகா. வாத்தியார் குடியிருந்தது மிராசுதார் வீட்டுப் பின்கட்டில்.

"ரெண்டு வீ. மல்லிகாவா? சரிப்படாது. இந்தப் பொண்ண என்னன்னு கூப்புடுவீங்க?" என்று பிள்ளைகளைக் கேட்டார்.

"நொண்டி மல்லிகா சார்!"

பேனாவை மையில் தொட்டு என் வீயை அடித்தார். நொ. என்று எழுதினார். நானும் சேர்ந்து சிரித்தேன் என்பதை உங்களிடம் மறைப்பானேன். எனக்கென்று தனியாக ஒரு எழுத்து கிடைத்ததே என்று ஒரு பெருமை. மிராசுதார் மகளுக்குப் பல் எடுப்பு. ப. என்று போட்டிருக்கலாம். போடுவாரா? அந்தப் பெண் மேல் எனக்கு வருத்தமில்லை, எத்தனையோ நாள் கமர்கட்டைக் கடித்துப் பாதி கொடுத்திருக்கிறாள்.

அது கூலி உயர்வு கேட்டு ஆட்கள் வயலில் இறங்காமல் நின்ற காலம். அறுப்புக்கு வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அடிதடியானது. போலீஸ் வந்து பள்ளிக்கூடத்திலேயே தங்கியது, நாங்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னோம். அப்பா சங்கத்துக் கொடி பிடித்து நடந்தவர். கொடி பிடித்தவன் மகளுக்கு எழுத்தைத் திருத்த யார் வரப்போகிறார்கள்? ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும்போது மாற்றுச் சான்றிதழிலும் நொ. வந்தது. உயர்நிலைப்பள்ளியில் அழுது கேட்டேன். "டீசில உள்ளதத்தாம்மா எழுத முடியும்" என்றார் தலைமையாசிரியர். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்திலும் அதுவே ஏறி உட்கார்ந்தது.

தஞ்சாவூரில் கல்லூரி விடுதிக்கு வந்தபோது ஆங்கிலம் கைகொடுத்தது. ஆங்கிலத்தில் வெறும் 'என்' தானே. அப்பா பேர் என்ன என்று கேட்டவர்களிடம் நடராஜன் என்று சொல்லிவிட்டேன். வெட்கங்கெட்ட பொய். சொன்ன அன்று நன்றாகத் தூக்கம் வேறு வந்தது.

அந்த வருஷம்தான் எங்கள் தெருவுக்குக் குடியிருப்பு மனைப் பட்டா கிடைத்தது. கழக ஆட்சி, பட்டா கொடுக்கும் விழா, மேடை, மைக் செட் எல்லாம் உண்டு. அதுவரை மிராசுதார் கண் அசைத்தால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போகவேண்டியதுதான். மறுநாளே அப்பா பட்டாவை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு விடுதிக்கு வந்துவிட்டார். வாசலில் என் அறைத்தோழி, "நீங்கதான மல்லிகா அப்பா நடராஜன்? உக்காருங்கப்பா" என்றாள்.

அப்பா என்னைப் பார்த்தார். மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் போனதும் பட்டாவை விரித்தார். "இந்தா பாரு, கைநாட்டு இல்ல. கையெழுத்துப் போட்டுத்தான் வாங்குனேன். சங்கத்துல சொல்லிக் குடுத்தாங்க." பட்டாவின் ஓரத்தில் இன்னொரு முறையும் எழுதிவைத்திருந்தார். கோணல்மாணலாக ஒரு வீ. பிறகுதான் கேட்டார்.

"யாரும்மா நடராசன்?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை என் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. படிக்கத் தெரிந்தால்தானே.

"நா இத்தன வயசுக்கு மேல வீயன்னா கத்துக்கிட்டு வந்துருக்கேன். படிச்ச புள்ள நீ அதத் தொலச்சிட்டியேம்மா."

இன்றுவரை என்னை யாரும் அதற்குமேல் அடித்ததில்லை.

எழுத்தை மாற்றக் கல்வி அலுவலகத்துக்குப் போனேன். அப்பா பெயருக்கு ஆதாரமாகப் பள்ளிச் சான்றிதழ் கொண்டுவா என்றார்கள். சான்றிதழில் நொ. இருப்பதால்தானே ஐயா மாற்ற வந்திருக்கிறேன் என்றால், சான்றிதழில் நொ. இருப்பதால் மாற்ற முடியாது என்றார்கள்.

கல்லூரி வேலைக்கான நேர்காணலில் என் தமிழைப் பற்றி ஒரே ஒரு கேள்வி. காலைப் பற்றி நான்கு. "மாடி ஏறுவீங்களா?" ஏறுவேன் என்றேன். காலில் கட்டிய இரும்புக் காலிபரும் ஊன்றுகோலுமாகப் பல வருஷம் ஏறினேன். ஒரு மழைநாளில் வழுக்கி விழுந்தேன். கீழே ஒரு அறை கேட்டு எழுதிக் கொடுத்தேன். எம்.ஏ. வகுப்பை என்னிடமிருந்து எடுத்து வேறொருவரிடம் கொடுத்தார்கள். வகுப்பைக் கீழே கொண்டுவரலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பெஞ்சுகளை இறக்குவதைவிட என்னை இறக்குவது சுலபம்.

இதற்கிடையில், கையெழுத்தும் தலைப்பெழுத்தும் தமிழில்தான் இருக்கவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. நல்ல சுற்றறிக்கை. எனக்குச் சோறு போட்டதே தமிழ்தான். ஆனால் 'என்' என்ற முக்காடு போய்விட்டது. சம்பளப் பட்டியலில், தேர்வுத்தாளில், அறைக்கதவில், எங்கு பார்த்தாலும் நொ.

அந்த ஆத்திரத்தில்தான் ஆராய்ச்சிக்கே போனேன். பூதலூரிலிருந்து கோடியக்கரை வரை பஸ் மாறி மாறிப் போய்ப் பழைய பள்ளிப் பதிவேடுகளைப் புரட்டினேன். நான் தனியாள் இல்லை. குருடு என்பதற்கு ஒரு கு., செவிடு என்பதற்கு ஒரு செ., மாறுகண்ணுக்கு ஒரு மா. எல்லாம் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். "தலைப்பெழுத்துல என்னம்மா ஆராய்ச்சி இருக்கு?" என்றார் நெறியாளர். ஐந்நூறு பக்கம் இருந்தது ஐயா. அட்டையில் பெயரைப் படித்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் ஒருவர் சிரிப்பை அடக்கினார். ஆய்வுப் பொருளே அட்டையில் நின்றது அவருக்கு விளங்கவில்லை.

மெத்தப் படித்த நான் செய்த முட்டாள்தனம் ஒன்றுண்டு. ஊரூராகப் பதிவேடு பார்த்தவள் என் பள்ளிப் பதிவேட்டை மட்டும் கடைசிக்கு ஒத்திவைத்தேன். பயம். அதற்குள் அப்பா இறந்துவிட்டார். மனைப் பட்டாவை என் பெயருக்கு மாற்றத் தாலுகா ஆபீஸ் போனால், "வீரையன் மகள்னா வீ. தான வரணும்? நொ.ன்னு இருக்கே, எப்படிம்மா நம்புறது?" என்றார்கள். வருஷத்துக்கொருமுறை வரும் ஜமாபந்தியில் நான்கு தடவை ஊன்றுகோலோடு வரிசையில் நின்று மனுக் கொடுத்தேன். அந்த வாத்தியார் அடித்துத் திருத்திய வீ அந்தப் பதிவேட்டில் இருக்குமே என்று கடைசியில் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.

"போன வருசந்தான் மேடம் பழைய பேப்பருக்குப் போட்டோம்" என்றார் தலைமையாசிரியர்.

பட்டா மாறவில்லை, தடுக்க என் பெயரில் காகிதம் இல்லை. முதலில் மனையைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது, பிறகு சுவர் வந்தது. இன்றைக்கு அது ஒரு கல்யாண மண்டபத்துக் கார் நிறுத்துமிடம். முகூர்த்த நாளில் அப்பா படுத்துத் தூங்கிய இடத்தில் இன்னோவா நிற்கும்.

சாயங்காலம் பெயின்டரை நானே கூப்பிட்டேன். "தம்பி, நோனா இல்ல. வீயன்னா. வீரையன் மகள் வீ. மல்லிகா."

"சரிம்மா, மாத்திடறேன். அஞ்சு நிமிஷ வேலைதான்."

ஆதாரம் கேட்கவில்லை. சான்றிதழ் கேட்கவில்லை. அஞ்சு நிமிஷம்! போனைக் காதிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, இருக்கீங்களா? ஒருதடவ வந்து பாத்துட்டீங்கன்னா நல்லது."

"பலகைய எங்க மாட்டறாங்க?"

"மேல ரெண்டாவது மாடிம்மா. செமினார் ஹால் பக்கத்துல."

"லிஃப்ட் இருக்கா?"

"இல்லீங்களேம்மா."

"அப்ப அந்த வீயை மட்டும் நல்லாப் பெருசா எழுதுங்க தம்பி. கீழேருந்து தெரியறாப்ல."

வேலை தெரிந்த மனுஷர், பொய் சொல்லவில்லை.

"எவ்வளவு பெருசா எழுதுனாலும் கீழேருந்து தெரியாதேம்மா."