இமையின் மேல் ஒரு தக்காளி

முதலில் அதைக் கொசுக்கடி என்றுதான் நினைத்தேன். என் மகள் கவிதா பிறந்து ஒரு மாதம்கூட நிறையவில்லை. இடது கண்ணின் மேலிமையில் குண்டூசித் தலையளவு ஒரு சிவப்பு. நாமக்கல்லில் கொசுவுக்கா பஞ்சம்? வலையை இழுத்துக் கட்டினேன். கொசுக்களின் வம்சத்தையே திட்டித் தீர்த்தேன். சிவப்பு போகவில்லை. மிளகானது. பிறகு சுண்டைக்காயானது. குழந்தை அழும்போதெல்லாம் பழுத்த தக்காளிபோலப் புடைத்து நின்றது.

உங்கள் குழந்தையின் தோலில் இப்படி எதுவோ முளைத்திருப்பதால் நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், முதலில் உட்காருங்கள். நான் உட்காரவில்லை. அதன் விளைவுகளைத்தான் எழுதுகிறேன்.

நான் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்காரன். எங்கள் தொழிலில் துருவை விட்டுவைக்கக் கூடாது. மேலே பொட்டளவு தெரிந்தால் அடியில் உள்ளங்கையளவு தின்றிருக்கும். சுரண்டு, வெட்டியெடு, புதுத் தகரம் வைத்துப் பற்றவை, பெயிண்ட் அடி. இத்தனை வருடம் கையில் ஊறிய புத்தி, குழந்தையின் இமையைப் பார்த்தபோதும் அதையேதான் சொன்னது. உடனே சுரண்ட வேண்டும். யார் சுரண்டுவார்கள், எதைக் கொண்டு என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

குழந்தையைப் பார்க்க வந்த என் அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"கெரகணத்தன்னிக்கு என்னத்தடி அறுத்த?" என்று என் மனைவி சரசுவைக் கேட்டாள்.

"எதையுந் தொடலீங்க நங்கையா. படுத்தேதான் கெடந்தனுங்க."

"தக்காளி அறுத்திருப்ப. பாரு, அதேயாட்டந்தான இருக்குது."

"நல்லவேளக்கா, பூசணிக்கா அறுக்காம போனா" என்றேன் நான்.

அக்கா சிரிக்கவில்லை. அது எனக்குப் பழக்கம். சரசுவும் சிரிக்கவில்லை. அவள் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். பிள்ளை வயிற்றிலிருந்தபோது வந்த அந்தக் கிரகண நாளைக் காலையிலிருந்து ஒவ்வொரு நாழிகையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. அன்றுமுதல் அரிவாள்மணையைத் தொடும்போதெல்லாம் அவள் கை ஒரு கணம் தயங்கும். நோய் குழந்தையின் இமையில் மட்டும் இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சேலத்தில் தோல் மருத்துவர் ஒரு அம்மா இருப்பதாகக் கேள்விப்பட்டு பஸ் ஏறினோம். அங்கே வராந்தா பெஞ்சில் எங்கள் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய வலப்பக்க முகம் முழுவதும் நாவல்பழச் சாற்றை ஊற்றிவிட்டதுபோல் கருஞ்சிவப்பு. சூரமங்கலத்துக்காரர், ரயிலில் டிக்கெட் பரிசோதகர். நான் பார்க்காததுபோல் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"நல்லாவே பாருங்க சார். டிக்கெட் எடுக்காதவன் என் மூஞ்சியப் பாத்ததும் தானா எறங்கிருவான். சர்க்காருக்கு லாபம்."

எனக்கு ஒரு இனத்தானைக் கண்ட சந்தோஷம். "எங்க பாப்பாளுக்கும் இதேதானுங்களா?" என்றேன்.

"இல்லீங்க. என்னோடது பொறக்கறப்பவே இருந்தது. தட்டையா இருக்கும், என்கூடவே வளந்துச்சு. போகாது. பாப்பாவுக்கு மேல எழும்பியில்ல இருக்குது? வேற சாதி." பிறகு தாடையைத் தொட்டுக் காட்டினார். அங்கே தோல் வெந்து சுருங்கியிருந்தது. "எங்கப்பா அவசரப்பட்டு சேங்கொட்டைப் பால் வெச்சுட்டாரு. நெறம் அப்படியே இருக்குது, தோல்தான் போச்சு. பாசத்துலதான் செஞ்சாரு, பாவம்."

எங்கள் ஊர்ப்பக்கம் சேங்கொட்டை வைப்பவர் ஒருவரை நானும் விசாரித்து வைத்திருந்தேன். டாக்டரம்மா கைவிரித்தால் நேரே அங்கே போவதாகத் திட்டம். அந்தத் தாடையைப் பார்த்தபின் திட்டத்தை விழுங்கிவிட்டேன்.

டாக்டரம்மா குழந்தையின் இமையை விரல் நுனியால் மெல்ல அழுத்தினார். சிவப்பு வெளுத்தது. விரலை எடுத்ததும் மெதுவாக ரத்தம் திரும்பி வந்தது. ஹீமாஞ்சியோமா (நுண்ணிய ரத்தக்குழாய்கள் அளவுக்கு மேல் பெருகி உண்டாகும் கட்டி, புற்றுநோய் அல்ல) என்றார். பிறந்த சில வாரங்களில் தலைகாட்டும், முதல் வருடத்தில் வேகமாக வளரும், பிறகு நிற்கும், அதன்பின் வருடக்கணக்கில் தானாகவே வற்றும் என்றார்.

நான் விடவில்லை. பட்டறை, துரு, பற்றவைப்பு எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"லாரிக்குத் தன்னைத் தானே ரிப்பேர் பண்ணிக்கத் தெரியாதுங்க. உங்க பொண்ணுக்குத் தெரியும்."

பிறவிக்குறிகள் எல்லாம் ஒன்றல்ல என்பதை அன்றுதான் கற்றேன். பச்சைக் குழந்தையின் இடுப்பிலும் புட்டத்திலும் நீலம் பாரித்திருந்தால் அடிபட்டதல்ல, நிறமிச் செல்களின் வேலை. பெரும்பாலும் தானே மறையும். பிடரியில் தெரியும் வெளிர்சிவப்பு தொல்லை செய்யாது. காப்பி நிறத் திட்டு ஒன்றிரண்டு இருந்தால் கவலையில்லை, பல இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிறக்கும்போதே பெரிதாக இருக்கும் கருமச்சத்தைக் கண்காணிக்க வேண்டும், சிலசமயம் வெட்டியெடுக்கவும் வேண்டும். டிக்கெட் பரிசோதகருடையதுபோன்ற கருஞ்சிவப்புத் தட்டைக் குறி (விரிந்தே நின்றுவிட்ட ரத்த நுண்குழாய்கள்) தானாகப் போகாது. லேசர் என்னும் ஒளிக்கற்றையால் அதை வெளுக்கச் செய்ய வெளிநாடுகளில் இப்போதுதான் முயல்கிறார்கள் என்றார் டாக்டரம்மா. எங்களுடையதைக் கடுங்குளிர்ப் பனிக்கட்டியால் கருக்கலாம், கத்தியாலும் எடுக்கலாம். ஆனால் தழும்பு நிச்சயம், அதுவும் இமையில்.

"ஆனா ஒண்ணு" என்றார். "இது கண்மணிய மறைச்சா, காத்திருக்க முடியாது. இந்த வயசுலதான் கண்ணு பாக்கவே கத்துக்குது. மூடிக் கெடந்தா அப்புறம் திறந்தாலும் அதுக்குப் பாக்கத் தெரியாது. இமை எறங்கினா அன்னிக்கே வாங்க."

சரசு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "கெரகணத்தன்னிக்கு நா ஏதாச்சும் செஞ்சுட்டனுங்களா?"

டாக்டரம்மா எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டார். "நீங்க எதுவுமே செய்யலம்மா. யாரும் செய்யல."

திரும்பும் பஸ்ஸில் சரசு சன்னலில் சாய்ந்து ராசிபுரம் தாண்டும்வரை தூங்கினாள். பிள்ளை பிறந்தபின் அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்று நினைக்காதீர்கள். அதைப்போல் கடினமான வேலையை நான் செய்ததில்லை. லாரிச் சட்டத்தில் விரிசல் கண்டால் அதன் முனையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவோம். வண்டி ஒரு நடை போய்வந்தபின் விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் வளர்கிறது என்று அர்த்தம். நானும் போட்டேன். சாக்பீஸ் அல்ல, சரசுவின் கண்மை. குழந்தை தூங்கும்போது கட்டியைச் சுற்றி அழகாக எல்லை வரைந்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பட்டறைக்குப் போய்விட்டேன்.

மாலையில் வந்து பார்த்தால் இமை முழுவதும் கருத்துக் கிடந்தது. நான் போட்ட கோடு என்பது அந்தக் கணத்தில் என் மண்டையில் இல்லவே இல்லை. அழுகிவிட்டது என்றே முடிவு செய்தேன். "அம்முணி, கெளம்பு!" என்று கத்தினேன். ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் ஒன்றுமில்லாமலும் பஸ் ஏறினேன்.

டாக்டரம்மா பஞ்சை நனைத்துத் துடைத்தார். கருப்பு பஞ்சோடு வந்துவிட்டது. பஞ்சை முகர்ந்து பார்த்தார்.

"இது கண்மை."

சரசு என்னைப் பார்த்தாள். "ஏனுங்க?"

நான் சாக்பீஸ் சாத்திரத்தை விளக்கினேன். குழந்தை கண்ணைக் கசக்கியதில் என் கோடு இமை முழுவதும் அப்பியிருந்தது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். சரசு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் சிரித்ததால் என் மானம் போனதில் எனக்கு வருத்தமில்லை.

சிரித்துக்கொண்டே டாக்டரம்மா குழந்தையின் கண்ணுக்குள் டார்ச் அடித்தார். சிரிப்பு நின்றது. "இமை பாதி எறங்கிருச்சு" என்றார்.

கட்டி கனத்துக் கண்மணியை மறைக்கத் தொடங்கியிருந்தது. தினமும் பார்க்கிற கண்களுக்கு அது தெரியவில்லை. என் முட்டாள்தனம் எங்களை அங்கே கொண்டுவந்து சேர்த்திராவிட்டால் எப்போது கவனித்திருப்போமோ! என்னுடைய பீதி உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அது.

கண் மருத்துவரையும் பார்த்தோம். ஸ்டீராய்டு மருந்து (வளர்ச்சியை அடக்குவது, மருத்துவர் சொல்லாமல் தொடங்கவும் கூடாது, சட்டென நிறுத்தவும் கூடாது) கொடுத்தார்கள். குழந்தைக்கு முகம் நிலாப்போல உப்பியது, எந்நேரமும் பசி. கூடவே நல்ல கண்ணைத் தினமும் சற்று நேரம் கட்டிவைக்கச் சொன்னார்கள். அப்போதுதான் சோம்பல்பட்ட கண் வேலை செய்யுமாம்.

குழந்தை கட்டைப் பிய்த்து எறிந்தது. அதனால் நானும் ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். "அப்பாளப் பாரு சாமி, கொள்ளைக்காரனாட்டம்" என்பாள் சரசு. ஒரு நாள் கட்டோடு பட்டறைக்குப் போய் லாரியின் பின்கதவில் நெற்றியை இடித்துக்கொண்டேன். ஒற்றைக் கண்ணுக்கு எது அருகில், எது தூரத்தில் என்றே விளங்கவில்லை. வீங்கிய நெற்றியோடு நின்றபோதுதான் புரிந்தது, பார்ப்பது என்பது கண்ணோடு பிறப்பதில்லை. என் மகளின் இடது கண் அந்த நேரத்தில் வீட்டில் வெளிச்சத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தது.

மருந்து வளர்ச்சியை நிறுத்தியது. இமை மெல்ல மேலேறியது. அவள் நடக்கத் தொடங்கிய பிறகு ஒரு காலை வெயிலில், தக்காளியின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளியைப் பார்த்தேன். நெருப்பின் மேல் நீறு பூப்பதுபோல. அது நடுவிலிருந்து ஓரத்துக்குப் பரவியது. ஒருவரும் சுரண்டவில்லை, பற்றவைக்கவில்லை. கட்டியது எதுவோ, அதுவே பிரித்தும் வைத்தது. எத்தனையோ லாரிகளைப் பார்த்திருக்கிறேன். தன் துருவைத் தானே தின்று தகரமாகிற வண்டியை நான் கண்டதில்லை.

ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது அங்க அடையாளம் இரண்டு கேட்டார்கள். மங்கியிருந்தாலும் அப்போது அது இருந்தது. "இடது மேலிமையில் சிவப்பு மச்சம், வலது முழங்காலில் கருப்பு மச்சம்" என்று எழுதிக்கொண்டார்கள். பிறகு நாங்கள் அதை மறந்துபோனோம்.

போன ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி. அங்கிருந்த எழுத்தர் மாற்றுச் சான்றிதழைப் பார்த்தார், கவிதாவைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"எமையில செவப்பு மச்சம்னு போட்டிருக்குதுங்க. இந்தப் புள்ளைக்கு ஒண்ணுமில்லயே. வேற புள்ளையக் கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். கிட்டப்போய், வெளிச்சத்தில் நிறுத்தி, இமையைத் தடவினேன். ஊதி வடிந்த பலூன்போல ஒரு சின்னத் தொளதொளப்பு. தெரிந்தவன் விரலுக்கு மட்டுமே தட்டுப்படும். எந்த நாளில் அது போனது? தினமும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அதுவும் தெரியவில்லை.

"அதே புள்ளதானுங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். துண்டை எடுத்துக் கண்ணைத்தான் துடைக்க முடிந்தது.

"முழங்கால்ல ஒண்ணு இருக்குதுங்க சார்" என்று கவிதா பாவாடையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, "இதுக்குப் போயி அழுவுறீங்களேப்பா" என்றாள், இரண்டு கண்களாலும் என்னைப் பார்த்தபடி.