அடுப்படிக்கு வந்த கதிரை

பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில்தான் எங்கள் லயம், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள். அங்கே பெண்கள் யாரும் அடுத்த வீட்டுக்கு முன்வாசலால் போகமாட்டோம். பின்பக்கமாக நுழைந்து அடுப்படிப் பலகையில் உட்கார்ந்துவிடுவோம். முன்னறைக் கதிரை வெளியாட்களுக்கு. முக்கியமாக, வோட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கு.

பிரதேச சபைத் தேர்தலில் நானே நின்றேன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தனிவீடு, அது நிற்கும் காணிக்கு உறுதிப் பத்திரம். வேறெதையும் நான் பேசவில்லை. முதல் நாள் நோட்டீஸோடு பக்கத்து வீட்டுச் சித்தியின் முன்வாசலில் போய் நின்றேன். சித்தி முந்தானையால் கதிரையைத் துடைத்து, "உட்காருங்க" என்றார். அதுவரை என்னை "வாடி" என்று கூப்பிட்டவர். அதன்பிறகு போன வீடெல்லாம் கதிரை, தட்டில் சோடா. நான் வாசலில் நின்றதும் உள்ளே அடுப்படியில் கேட்ட சிரிப்பு நின்றுவிடும். எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். இந்தச் சனத்துக்காகத்தானே நாயாய் அலைகிறேன்!

தோற்றேன். கவலைதான். ஆனாலும் இனிப் பழையபடி இருக்கலாம் என்று ஒரு நிம்மதி. மறுநாள் காலையில் பின்பக்கமாகச் சித்தி வீட்டுக்குள் போய், பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த சித்தி பதறி எழுந்தார்.

"ஐயோ, அதுல வேணாம். கொஞ்சம் இருங்க."

முன்னறைக்கு ஓடிப்போய், கதிரையை அடுப்படிக்கே தூக்கிக்கொண்டு வந்தார்.